பல்கலைக்கழகப் பணியில் இருந்துகொண்டு பொதுவெளியில் பேசுவது எப்படி?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவோ, நூலகராகவோ, ஆய்வுக்கூட உதவியாளராகவோ பணிபுரியும் தமிழருக்கு வெளியிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு) முடிவுகள் வெளியானதும் நாளிதழ் நிருபர் கருத்துக் கேட்பார். பொங்கலை ஒட்டி மின்னல் எஃப்எம் வானொலியில் பேட்டி கேட்பார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சிறப்புரைக்குக் கூப்பிடும். இதற்கிடையே, அனுமதியின்றி எவரும் ஊடகங்களிடம் பேசக்கூடாது என்ற நினைவூட்டல் மின்னஞ்சல் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அவ்வப்போது வந்து சேரும். அழைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் நடுவில் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் விதியைப் படிக்காமல் பேசிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். பலர் விதியைப் படிக்காமலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள். விதி தடுக்கும் பேச்சைவிட, "எதற்கு வம்பு" என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னதால் விழுங்கப்படும் பேச்சுதான் அதிகம் என்பது என் கணிப்பு. இந்த விதிகள் நல்லவை என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் எங்கே வேலி இருக்கிறது என்று தெரிந்தவருக்கே வேலி வரை நடக்க முடியும். (பணி ஓய்வு பெற்ற பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன் என்பதையும் வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.)

முதலில், எந்தச் சட்டம் உங்களுக்குரியது?

1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமே எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரிதும் பேசப்படும் 15-ஆவது பிரிவு மாணவர்களைப் பற்றியது. 1974-இல் கெடா மாநிலத்தின் பாலிங் விவசாயிகளுக்கு ஆதரவாக மாணவர்கள் திரண்டபோது, மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த சையத் ஹுசின் அலி கைது செய்யப்பட்டு, விசாரணையின்றி 1980 வரை காவலில் வைக்கப்பட்டார். மறு ஆண்டே அச்சட்டம் கடுமையாக்கப்பட்டது. அந்த வரலாற்றின் அச்சம் இன்னும் வளாகத்தில் தங்கியிருப்பதால், சட்டத்தின் பெயரைக் கேட்டாலே பணியாளர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் ஊழியர்களது நடத்தையையும் ஒழுங்கையும் ஆள்வது 605-ஆவது சட்டம் எனப்படும், 2000-ஆம் ஆண்டின் சட்டபூர்வ அமைப்புகள் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைச் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள நடத்தை விதிகளை மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்து ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். துறைத்தலைவர் வாயால் கேட்ட சுருக்கத்தை நம்பி இருக்க வேண்டாம்.

தனியார் பல்கலைக்கழகத்தில் பணிபுரிவோருக்கு 605-ஆவது சட்டம் பொருந்தாது. பினாங்கின் வவாசான் திறந்த பல்கலைக்கழகமானாலும் கோலாலம்பூரின் யுசிஎஸ்ஐ ஆனாலும், அங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது நியமனக் கடிதமும் ஊழியர் கையேடும்தான். அவற்றில் "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும்" என்ற தொடர் எங்கே வருகிறது, சமூக ஊடகம் பற்றித் தனி இணைப்பு உண்டா என்று தேடிப் பாருங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதி பேச்சுரிமையைத் தருகிறதே என்று தனியார் முதலாளியிடம் வாதிட இயலாது. அடிப்படை உரிமைகள் தனிநபர்களுக்கும் அரசுக்கும் இடையிலானவை என்று, ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் நிறுவனச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதற்குத் தனி விதிமுறைகள் உண்டு. முனைவர் பட்ட மாணவராகவும் பகுதிநேரப் பயிற்றாசிரியராகவும் ஒரே வளாகத்தில் இருப்பவர் இரண்டு விதித்தொகுப்புகளுக்கும் உட்பட்டவர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

விதி சொல்வது

605-ஆவது சட்டத்தின் நடத்தை விதிகளில் பொது அறிக்கை பற்றிய பகுதி இரண்டு அடுக்குகளாக அமைந்துள்ளது. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் அடுக்கு முழுத் தடை. அரசாங்கத்தின் அல்லது அமைப்பின் (இங்கே பல்கலைக்கழகத்தின்) கொள்கை, திட்டம், முடிவு ஆகியவற்றுக்குக் கேடு விளைவிக்கும் பொது அறிக்கை, அரசாங்கத்தையோ அமைப்பையோ சங்கடப்படுத்தும் அல்லது பெயரைக் கெடுக்கும் அறிக்கை, அக்கொள்கைகளின் பலவீனங்களைப் பற்றிய கருத்து ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இதற்கு அனுமதி கேட்பதற்கான வாசகமே விதியில் இல்லை. இரண்டாவது அடுக்கில் உள்ளவற்றை முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றால் பேசலாம். இதில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள்: கொள்கையின் நன்மைகளைப் பாராட்டும் கருத்து, அமைப்பின் பணிகள் குறித்த உண்மைத் தகவல், அமைப்பு சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்வுக்கான விளக்கம். அதாவது, அரசின் திட்டத்தை மேடையில் புகழ்ந்து பேசுவதற்கும் எழுத்தின்படி அனுமதி வேண்டும். புகழ்ந்ததற்காக எவரும் விசாரிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே விதி ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தப்படுகிறது என்பதை உங்கள் மீது நடவடிக்கை வரும்போது எழுத்தில் சுட்டிக்காட்டலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

"பொது அறிக்கை" என்பதற்கு விதி தரும் வரையறை அகலமானது. பத்திரிகைக்கோ பொதுமக்களுக்கோ சொல்வது, பொதுச் சொற்பொழிவு, ஒலிபரப்பு, எவ்வகை வெளியீடும் அதில் அடங்கும். ஆகவே, கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் முன்னால் ஆற்றும் உரையும் எழுத்தளவில் பொது அறிக்கைதான். வகுப்பறை விரிவுரையும், ஆய்விதழில் வெளியாகும் கட்டுரையும் கல்விப்பணியின் பகுதிகள். அவற்றை நிர்வாகங்கள் பொதுவாக இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. ஆனால் அதே கட்டுரையின் முடிவை ஒரு நாளிதழ் தலைப்பாக்கும் நாளில் நிலைமை மாறிவிடும்.

1997-இல் அதுதான் நடந்தது. அந்த ஆண்டு புகைமூட்டம் மலேசியாவை மூடியபோது, அதைப் பற்றிக் கல்வியாளர்கள் பொது அறிக்கை விடக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. சுற்றுலா பாதிக்கப்படும் என்பது காரணம். காற்றை அளந்து, அதனால் நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் சொந்தத் துறையைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. பின்னாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையே வெளியிடாமல் வைத்திருந்து, 2005 ஆகஸ்ட் மாதப் புகைமூட்டத்தின்போதுதான் அந்த எண்களை மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். துறை வல்லுநர் என்பதால் மட்டும் எவருக்கும் விலக்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

அனுமதியை முன்கூட்டியே, பொதுவாகக் கேளுங்கள்

விதியில் எழுத்துப்பூர்வ அனுமதி "பொதுவாகவோ குறிப்பாகவோ" பெறப்படலாம் என்று உள்ளது. பெரும்பாலோர் குறிப்பான அனுமதியையே கேட்கிறார்கள். நிருபர் காலையில் அழைக்கிறார், மாலைக்குள் செய்தி போக வேண்டும், விண்ணப்பம் புலமுதல்வர் மேசையைத் தாண்டவே மூன்று நாளாகிறது. அதனால் எந்த அழைப்பும் இல்லாத அமைதியான வேளையில் ஓராண்டுக்கான பொது அனுமதியைக் கேட்டு வைப்பதே சிறந்த வழி. உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, கல்வியாளர்களுக்கென ஏதாவது சுற்றறிக்கை ஏற்கெனவே நடப்பில் உண்டா என்று பதிவாளர் அலுவலகத்தில் மின்னஞ்சல் வழி கேளுங்கள். வருகிற பதிலே ஓர் ஆவணம்.

விண்ணப்பம் மலாய்மொழியில், அரைப் பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். அதன் சாரம் ஏறக்குறைய இப்படி அமையலாம்: "என் ஆய்வுத்துறையான தொடக்கப்பள்ளி மொழிக்கல்வி குறித்து, வெளியிடப்பட்ட ஆய்வுகள், அரசாங்கப் புள்ளிவிவரங்கள் ஆகியவற்றின் அடிப்படையில், இவ்வாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, இணைய ஊடகங்களில் கருத்துரைக்கப் பொது அனுமதி வேண்டுகிறேன். பல்கலைக்கழகத்தின் சார்பாகவோ அதன் நிர்வாகத்தைப் பற்றியோ நான் கருத்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு வெளியீட்டின் நகலையும் துறை அலுவலகத்தில் ஒப்படைப்பேன்." துறை, காலம், ஊடகம், எல்லை ஆகிய நான்கும் இதில் வந்துவிடுகின்றன. அதிகாரி மறுக்க வேண்டுமானால் இவற்றில் எதை மறுக்கிறார் என்று எழுத வேண்டியிருக்கும். பலர் அந்தத் தொல்லைக்குப் பதிலாகக் கையெழுத்திட்டுவிடுவார்கள்.

"பதினான்கு நாள்களில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கருதுவேன்" என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது கேட்பதற்கு வீரமாக இருக்கும். விதி கேட்பது எழுத்துப்பூர்வ அனுமதி என்பதால் மௌனத்தைச் சம்மதமாகக் காட்டி விசாரணையில் தப்ப முடியாது. பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புங்கள், அதன் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிருபர் அழைக்கும்போது

முதல் தொலைபேசி அழைப்பிலேயே கருத்துச் சொல்லாதீர்கள். "கேள்விகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள், ஒரு மணி நேரத்தில் எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொன்னால் நம் தமிழ் நாளிதழ் நிருபர்கள் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்தில் தருவதால் இரண்டு நன்மைகள்: நீங்கள் சொல்லாதது அச்சில் வந்தால் மறுக்க உங்களிடம் மூலம் இருக்கும், சொல்வதையும் நிதானமாகச் சொல்வீர்கள். நேரலை வானொலியில் இந்த வசதி இல்லை. அங்கே கேள்விப் பட்டியலை முன்னதாகவே பெற்று, நேயர் அழைப்புப் பகுதி உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் சிக்கல் பெரும்பாலும் அறிவிப்பாளரிடமிருந்து வருவதில்லை. பந்திங்கிலிருந்து அழைக்கும் கோபக்கார நேயர் ஒருவர், "அமைச்சர் பொய் சொல்கிறார் என்று நீங்களே சொல்லுங்கள் சார்" என்று இழுப்பார். "அமைச்சு வெளியிட்ட எண்ணிக்கை இதுதான், அதை நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை வாயில் பழக்கி வைத்திருந்தால் அந்த இடத்தைக் கடந்துவிடலாம்.

பெயருக்குப் பின் பதவியைப் போடுவதா வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940-ஆம் ஆண்டு அறிக்கை, குடிமகனாகப் பேசும் ஆசிரியர் நிறுவனத் தணிக்கையிலிருந்தும் ஒழுங்கு நடவடிக்கையிலிருந்தும் விடுபட்டிருக்க வேண்டும் என்று கூறிவிட்டு, தாம் நிறுவனத்துக்காகப் பேசவில்லை என்பதை அவர் தெளிவுபடுத்த முயல வேண்டும் என்றும் கூறுகிறது. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்த யுனெஸ்கோவின் 1997-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் கல்விச் சுதந்திரத்தை இதே திசையில் அங்கீகரிக்கிறது. இவற்றுக்கு நம் நாட்டு விசாரணைக் குழுவின் முன் சட்ட வலிமை இல்லை. ஆனாலும் "இது கட்டுரையாளரின் தனிப்பட்ட கருத்து" என்ற வரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். 605-ஆவது சட்டத்திலிருந்து அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்தினார் என்ற துணைக் குற்றச்சாட்டையாவது அது தவிர்க்கும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. மெட்ரிகுலேஷன் இடங்களை எடுத்துக்கொள்வோம். நம் சமூகத்தில் ஆண்டுதோறும் எழும் கேள்வி அது. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டன, பூமிபுத்ராக்களுக்கான (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) 90 விழுக்காட்டு ஒதுக்கீடு அப்படியே தொடர்ந்தது என்பவை அரசு அறிவித்த உண்மைகள். இவற்றை எடுத்துரைத்து, பல்கலைக்கழக நுழைவுக்கான இன்னொரு வழியாகிய எஸ்டிபிஎம் தேர்வில் நம் மாணவர்கள் செல்லும் பாதையோடு ஒப்பிட்டுப் பேசுவது ஒரு வகை. பூமிபுத்ராக்களின் சிறப்பு நிலையைக் காக்கும், அரசியலமைப்பின் 153-ஆவது விதியே தேவைதானா என்று கேட்பது வேறு வகை. 1948-ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு அந்த விதியைக் கேள்விக்குட்படுத்துவதை நிந்தனைப் போக்காகக் கருதுகிறது; ஆனால் அதன் நடைமுறைப்படுத்தலில் உள்ள குறைகளைத் திருத்தும் நோக்கில் சுட்டிக்காட்ட அதே பிரிவு இடம் விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் வாக்கியங்களை நடைமுறையைப் பற்றியவையாக, எண்களோடு, என்ன மாற்றலாம் என்ற பரிந்துரையோடு அமையுங்கள். இது தேச நிந்தனைச் சட்டத்திலிருந்து விலகி நிற்கும் வழி. 605-ஆவது சட்டத்தின் "பலவீனங்களைப் பற்றிய கருத்து" என்ற வலை அப்போதும் மேலே தொங்கிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், நாடாளுமன்ற ஹன்சார்டு (அவைக்குறிப்பு), புள்ளிவிவரத் துறை, தணிக்கையாளர் அறிக்கை என்று அரசே வெளியிட்ட ஆவணங்களை மேற்கோள் காட்டுங்கள். பலவீனத்தை நீங்கள் அறிவிக்கவில்லை, அரசின் ஆவணம் அறிவித்ததை விளக்கினீர்கள் என்று பின்னர் எழுத முடியும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடலை நிரப்பித் தெற்குக் கரையில் தீவு அமைக்கும் திட்டம் 2023-இல் மூன்று தீவுகளிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அதைப் பற்றி மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கடலியல் தெரிந்தவர்களிடம் கருத்துக் கேட்பது இயல்பு. இத்தகைய திட்டங்களில் பல்கலைக்கழகமோ உங்கள் சக பேராசிரியரோ ஆலோசனைப் பணி ஏற்றிருக்கக்கூடும். அந்த ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு வாசகம் இருந்தால், நீங்கள் திரட்டிய தரவைப் பேசுவது நடத்தை விதி மீறலாக மட்டுமன்றி ஒப்பந்த மீறலாகவும் ஆகும். பேசுவதற்கு முன் ஆய்வு மேலாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம் சொந்த ஆய்வுத்துறையைப் பற்றி மட்டும் பேசினாலும் வழக்கு வரலாம் என்பதற்கு 2014 சான்று. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையைச் சேர்ந்த அஸ்மி ஷாரோம், 2009-இன் பேராக் மாநில ஆட்சி நெருக்கடி குறித்துச் செய்தி ஊடகமொன்றுக்குச் சொன்ன சட்டக் கருத்துக்காக அந்த ஆண்டு செப்டம்பரில் தேச நிந்தனைக் குற்றச்சாட்டை எதிர்கொண்டார். அச்சட்டம் செல்லாது என்ற அவரது வாதத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2015 அக்டோபரில் நிராகரித்தது. 2016 பிப்ரவரியில் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. அவரே 2018-இல் தேர்தல் ஆணையத்தின் துணைத்தலைவராக நியமிக்கப்பட்டார். ஒன்றரை ஆண்டு நீதிமன்ற அலைச்சலை அந்த நியமனம் ஈடு செய்யுமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

புலனக் குழுக்களும் முகநூலும்

ஊழியர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விதியின் முதல் அடுக்கில், அத்தகைய அறிக்கையைப் பரப்புவதும், அதைச் சொன்னவர் தாமாயினும் பிறராயினும், தடை செய்யப்பட்டுள்ளது. முன்னாள் மாணவர் சங்கப் புலனக் குழுவில் யாரோ எழுதிய காரசாரமான அரசியல் பத்தியை "படிக்கவும்" என்ற ஒற்றைச் சொல்லுடன் முன்னனுப்பினால், நீங்கள் எழுதியதாகவே அது கருதப்படலாம். இருநூறு பேர் இருக்கும் குழு தனிப்பட்ட உரையாடல் என்று எவரும் ஏற்க மாட்டார்கள். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புபவர் பெரும்பாலும் அதே குழுவில் பொங்கல் வாழ்த்து அனுப்பியவராகத்தான் இருப்பார். இணையத்தில் எழுதுவோருக்கு 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின், தகாத இணையப் பதிவுகள் பற்றிய 233-ஆவது பிரிவும் பொருந்தும். மதம், ஆட்சியாளர், இனம் ஆகிய மூன்றைத் தொடும் பதிவுகளை அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில், அலுவலக மின்னஞ்சல் வழியாகக் கையாள வேண்டாம்.

அலுவலக உதவியாளர்கள், தொழில்நுட்பர்கள், ஓட்டுநர்கள் ஆகியோருக்கு நடத்தை விதிகள் அதே அளவில் பொருந்தும். கல்விச் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்புகூட அவர்களுக்கு இல்லை. விரிவுரையாளரின் பதிவுக்கு வரும் எச்சரிக்கை, ஓட்டுநரின் பதிவுக்கு இடமாற்றமாக வருவதுண்டு. ம.இ.கா., ஜ.செ.க., பி.கே.ஆர். ஆகிய அரசியல் கட்சிகளின் கிளைகளில் செயல்படுவோர், தாம் எந்தப் பணிநிலைப் பிரிவில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது என்பதை அறிந்து, அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் எந்தப் பதவியையும் ஏற்க வேண்டாம்.

வாய்மொழியாக வரும் தடை

எழுத்தில் வரும் தடையைவிட, "கொஞ்ச நாளைக்கு ஒன்றும் பேசாமல் இருங்கள், மேலே கேட்கிறார்கள்" என்று மாடிப்படியில் சொல்லப்படும் தடையே சகஜம். அதற்குக் கோபப்பட வேண்டாம்; சொல்பவரும் பெரும்பாலும் வேறொருவர் சொன்னதைத்தான் சொல்கிறார். அன்று மாலைக்குள் பணிவான ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "டத்தோ, இன்று காலை தாங்கள் கூறியபடி, தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை குறித்து ஊடகங்களிடம் பேசுவதை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். எனக்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட பொது அனுமதி இதனால் மீட்டுக்கொள்ளப்படுகிறதா, எந்தத் தேதி வரை என்பதைத் தெரிவித்தால் அதன்படி நடந்துகொள்வேன்." இதில் எதிர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் பதில் எழுத வேண்டிய பொறுப்பு அவர் பக்கம் போய்விடுகிறது. எழுத்தில் உறுதி செய்ய எவரும் முன்வராத தடைகள் சில வாரங்களில் தாமாகவே கரைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீங்களே துறைத்தலைவராகவோ புலமுதல்வராகவோ இருந்தால், மேலிடம் கேட்காத தடையை முந்திக்கொண்டு விதிக்காதீர்கள்.

கடிதம் வந்துவிட்டால்

விளக்கம் கேட்கும் கடிதம், முறையான ஒழுங்குக் குற்றச்சாட்டு ஆகிய இரண்டும் வேறு வேறு. முதலாவதைத் துறைத்தலைவரே அனுப்பலாம்; சில நாள்களில் பதில் கேட்டிருப்பார். இரண்டாவது ஒழுங்குக் குழுவிடமிருந்து வரும். எந்த விதியை, எந்தச் செயலால் மீறினீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். எழுத்துப்பூர்வ விளக்கத்துக்கு 21 நாள் அவகாசம் உண்டு. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி, அபராதம், சம்பள உயர்வு ஒத்திவைப்பு, சம்பளக் குறைப்பு, பதவியிறக்கம் என்று பணிநீக்கம் வரை போகலாம். பணிநீக்கமோ பதவியிறக்கமோ நேரக்கூடிய குற்றச்சாட்டா என்பதே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. அப்படியானால் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

கடிதத்தைப் பெற்ற தேதியைப் பதிவு செய்யுங்கள். அதைப் படம் பிடித்து முகநூலில் போடும் ஆசையை அடக்குங்கள். அது இரண்டாவது குற்றச்சாட்டாக வரும். அச்சில் வந்த செய்தி, நீங்கள் அனுப்பிய எழுத்துப் பதில், அனுமதிக் கடிதம், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். விளக்கத்தில் பேச்சுரிமை பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட, சொன்ன வாக்கியம் இது, அதன் ஆதாரம் இது, அனுமதி இது என்று ஒரு பக்கம் எழுதுவது பயன் தரும். கல்விப் பணியாளர் சங்கத்துக்கும் தகவல் கொடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிகேஏயுஎம் சங்கம் உண்டு; நாடளாவிய நிலையில் கெராக் எனப்படும் கல்வியாளர் இயக்கம் இதுபோன்ற விவகாரங்களில் குரல் கொடுத்து வருகிறது. சங்கம் பேசினால் நீங்கள் பேச வேண்டியதில்லை என்பதே அதன் முதல் பயன்.

பொது ஆதரவுக்கு எடை உண்டு. 2011 அக்டோபரில், சிலாங்கூர் சுல்தானின் ஆணை பற்றிக் கருத்துரைத்த சட்டப் பேராசிரியர் அப்துல் அஸிஸ் பாரியை அவரது பல்கலைக்கழகம் பணியிடை நீக்கம் செய்தது. மாணவர்களும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்த சில நாள்களில் அந்த நீக்கம் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதே மாத இறுதியில், தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வரின் வழக்கில், அரசியல் கட்சிகளுக்கு மாணவர்கள் ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மாணவர்களுக்குத் திறந்த அந்தக் கதவு ஊழியர்களுக்கு இன்னும் அதே அளவு திறக்கவில்லை.

உள்ளே நடக்கும் முறைகேட்டை அறிந்தவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் தகவல் கொடுப்பவரைத்தான் பாதுகாக்கிறது. அதே தகவலை நிருபரிடம் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோப்பு 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் முத்திரையிடப்பட்டதா என்றும் பாருங்கள்.

ஒப்பந்த ஊழியர்கள்

மேலே சொன்ன நடைமுறைகள் எல்லாம் நிரந்தரப் பணியாளருக்கு ஓரளவு அரண். ஒப்பந்தத்தில் இருப்பவர் மீது குற்றச்சாட்டே தேவையில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் எழாது. தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த பி. இராமசாமியின் ஒப்பந்தம் 2005-இல் நீட்டிக்கப்படவில்லை. வெளிப்படையாகப் பேசியதே காரணம் என்று அவர் கருதினார். மூன்றாண்டு கழித்து அவர் பினாங்கின் துணை முதலமைச்சர் ஆனார். எல்லா ஒப்பந்த விரிவுரையாளர்களுக்கும், அவருக்குக் கிடைத்த பத்து காவானைப் போல ஒரு தொகுதி காத்திருக்காது.

ஆகவே ஒப்பந்தக்காரர்கள், புதுப்பிப்புக்கான மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் மதிப்பீட்டு மதிப்பெண்கள், வெளியீடுகள், முந்தைய ஆண்டுப் பணி மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் வையுங்கள். ஒப்பந்தம் முடிகிற அன்று அந்த மின்னஞ்சல் கணக்கும் மூடப்படும். தனியார் பல்கலைக்கழகத்தில் நியாயமின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதினால், 1967-ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாள்களுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அதன்பின் சென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அரசுப் பல்கலைக்கழக முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோருவதற்கு, முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாத அவகாசம் உண்டு. உள் மேல்முறையீட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தக் காலம் தெரியாமலே ஓடிவிடும் என்பதால், மேல்முறையீட்டுக் கடிதத்தை ஒப்படைக்கிற அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.